பச்சை ஷேட் நெட்டுக்குள் இஞ்சி நெட்டையாகப் போகிறது, ஊதா எல்இடி போடலாமா?

செல்வி (ஸ்ரீரங்கம்):
வணக்கம். மொட்டை மாடியில் குரோ பேக்கில் சித்திரையில் இஞ்சி நட்டேன். மேலே 50 சதவீத பச்சை ஷேட் நெட். செடி நல்ல உயரம், ஆனால் தண்டு ஈர்க்குச்சி மாதிரி ஒல்லி. தூரும் அதிகம் கட்டவில்லை. ஓரத்து மண்ணைக் கிளறிப் பார்த்தால் கிழங்கு கட்டைவிரல் தடிமன்கூட இல்லை. ஊதா எல்இடி விளக்கை மாலை 6 முதல் இரவு 10 வரை போட்டால் கிழங்கு பெருக்கும், காரமும் ஏறும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

கண்ணன் (ஓசூர்):
அந்த ஊதா விளக்கில் சிவப்பும் நீலமும்தான் இருக்கும். அறைக்குள் நாற்று விட, கீரை வளர்க்க நன்றாக வேலை செய்யும். வெயில் இருக்கும் மாடிக்கு எதற்கு? முதலில் நெட்டை மாற்றுங்கள்.

ராஜம் (பந்தலூர்):
செல்வி, தயவுசெய்து அந்த விளக்கு வேண்டாம்மா. இரவில் போட்டால் கெடுதலே அதிகம்.

எங்கள் பக்கம் சில்வர் ஓக் மரங்களின் இடைவெளியில் நிற்கும் இஞ்சி குட்டையாக, தண்டு தடித்து, தூர் நெருங்கி இருக்கும். அதே விதை பலா மர அடியில் இடுப்பைத் தாண்டி வளரும், தோண்டினால் கிழங்கின் விரல்கள் சூம்பிக் கிடக்கும். அங்கே வெளிச்சம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். மீதி, நிறம். பலா இலை சிவப்பையும் நீலத்தையும் தானே எடுத்துக்கொண்டு, சிவப்பைத் தாண்டி 730 நானோமீட்டர் பக்கம் இருக்கும், நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளியைக் கீழே விட்டுவிடும். சிவப்பு குறைந்து தொலைசிவப்பு மிஞ்சினால், செடி தன்மேல் வேறு செடி கவிந்திருப்பதாக எடுத்துக்கொண்டு தண்டை நீட்டும். பச்சை நெட்டும் ஓரளவு இதையே செய்கிறது. கறுப்பு நெட் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். வெள்ளை நெட் ஒளியைச் சிதறடித்து உள் இலை வரை கொண்டுபோகும். இஞ்சிக்கு 25, 30 சதவீத நிழல் தாராளம். நான் வெள்ளையைத்தான் சொல்வேன்.

நீலம் தண்டை நீளவிடாமல் இலையைத் தடிக்க வைக்கும், சிவப்பு மாவுச்சத்து சேர்க்க உதவும், அது உண்மை. ஆனால் இரண்டும் வெயிலிலேயே இருக்கிறது.

இரவு விளக்கை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இஞ்சிக்குப் பகல் சுருங்கும்போதுதான் கிழங்கு பருக்கும். பகல் நீண்டால் தண்டும் இலையுமாகவே போகும். உங்கள் ஊரில் ஆனிக்கும் மார்கழிக்கும் பகல் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். இரவு 10 வரை விளக்கு எரிந்தால் செடிக்கு அது பதினாறு மணி நேரப் பகல். புரட்டாசிக்கு மேல் கிழங்கு திரளும் நேரத்தில் அதைக் கெடுக்கலாமா?

காரத்தை விளக்கிடம் எதிர்பார்க்க வேண்டாம். அது ரகத்தையும் பறிக்கும் வயதையும் பொறுத்தது. ரியோ டி ஜெனிரோ என்ற ரகம் பருமனாக, நார் குறைவாக வரும், பச்சை இஞ்சிக்கு ஏற்றது. சுக்குக்கு மாரன். ஊறுகாய்க்கு ஆறேழு மாதத்தில் எடுக்கலாம், சுக்குக்கு இலை மஞ்சளாகிச் சாயும் வரை விட வேண்டும்.

செல்வி:
நன்றி அக்கா. இப்போதே நெட்டை மாற்றினால் இலை கருகாதா?

ராஜம்:
ஒரேயடியாகப் பிரித்தால் கருகும். முதலில் காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்தை மட்டும் சுருட்டி விடு. பத்து நாள் போகட்டும், அப்புறம் மேலே வெள்ளை மாட்டு, மேகம் மூடிய நாளாகப் பார்த்து. கிழங்கு வெளியே தெரிந்தால் வெளிச்சம் பட்டுத் தோல் பச்சை ஏறும், மட்கிய தொழுவுரம் கலந்த மண் போட்டு அணைத்துவிடு. ஐப்பசி மழையில் பையின் அடித் துளை அடைக்காமல் பார். தண்ணீர் தேங்கி அழுகல் வந்துவிட்டால் எந்த நெட்டும் காப்பாற்றாது.

கண்ணன்:
வெள்ளை நெட் வாங்கும்போது யூவி தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு கோடையிலேயே பொடிந்துவிடும்.