புதுப்பிப்பு: விண்வெளியில் ஒரு வளவு வீடு, முற்றம் தப்பியது

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் விண்வெளிக் குடியிருப்பைக் காரைக்குடி வளவு வீடு (நடுவே திறந்த முற்றம் வைத்த செட்டிநாட்டு வீடு) போல வரைந்த கதையைப் போன மாதம் எழுதியிருந்தேன். 100 மீட்டர் ஆரமுள்ள வளையம், உள்ளே வரிசையாக முற்றங்கள். "தலை சுற்றாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சுற்றும். உள்ளே இருப்பவர்கள் பூமியில் இருப்பது போன்ற ஈர்ப்பை உணர, வளையம் நிமிடத்துக்கு 3 முறை சுழல வேண்டும். சுழற்சியைக் குறைக்க ஆரத்தை 225 மீட்டராக்கினாள். இப்போது 2 சுற்று போதும். 1975இல் நாசா ஆய்வில் உருவான ஸ்டான்ஃபோர்ட் வளையம் என்ற விண்வெளிக் குடியிருப்பு வடிவமைப்பு 10,000 பேருக்கானது. விட்டம் ஏறக்குறைய 1.8 கி.மீ., நிமிடத்துக்கு ஒரே சுற்று. அவ்வளவு பெரிதாக வரைய இவளிடம் தாள் இல்லை (நாள்காட்டியின் பின்பக்கம்தானே).

பெரிய சண்டை முற்றத்துக்குத்தான். "மழையே பெய்யாத ஊரில் முற்றம் எதற்கடி?" என்றார் அவளுடைய அப்பத்தா. மூச்சிலும் செடிகளிலும் வரும் ஈரத்தைக் குளிர்வித்துத் தண்ணீராக்கி, ஓட்டுச் சரிவில் வழியவிட்டு, கீழே அண்டாவில் பிடிப்பதாகத் திருத்தினாள். அப்பத்தா படத்தை வெகுநேரம் பார்த்தார். அண்டா சிறியதாம்.

ஆத்தங்குடிக் கல்லை (செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் பூவேலை சிமெண்டுக் கல்) மட்டும் விட மறுக்கிறாள். கொண்டுபோகும் செலவைச் சொன்னேன். நிலா மண்ணிலேயே வார்த்துக்கொள்வாளாம். சிமெண்டுக்கு என்ன செய்வாள் என்று இன்னும் கேட்கவில்லை.