எவோ 9: கேட்ச் கேன் போட்ட பிறகு ஐடில் நிற்கவில்லை, டிப்ஸ்டிக் எழும்புகிறது

மிட்சுபிஷி லான்சர் எவோ 9, 4ஜி63 டர்போ எஞ்சின். பிசிவி வால்வுக்கும் (எஞ்சின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியே விடும் ஒருவழி வால்வ்) இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) நடுவே, அந்த வாயுவிலுள்ள எண்ணெயைப் பிடிக்கும் கேட்ச் கேன் போட்டேன். இரண்டு குழாய், மேலே சின்ன ஃபில்டர். டர்போ காற்று இழுக்கும் வாயான டர்போ இன்லெட்டுக்குப் போன ப்ரீதர் ஹோஸை (எஞ்சின் மூச்சுவிடும் குழாய்) கழற்றி, வால்வ் கவர் முனையில் ரப்பர் மூடி மாட்டினேன். இப்போது ஐடில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம், ஆர்பிஎம்) 1500க்கும் 1900க்கும் ஊசலாடுகிறது. பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறினால் டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) எழும்புகிறது, வால்வ் கவர் ஓரத்தில் எண்ணெய் கசிகிறது. கேன் மட்டும் காய்ந்தே கிடக்கிறது. எங்கே தப்பு?

பூஸ்ட்பிரியன்:
இரண்டு தப்பு. முதலாவது அந்த ஃபில்டர். பிசிவி வால்வைத் தாண்டிய ஹோஸ் நேராக மேனிஃபோல்டில் சேர்கிறது. அங்கே திறந்த ஃபில்டர் வைத்தால் ஐடிலில் காற்று மீட்டர் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். பூஸ்டில் மேனிஃபோல்ட் காற்று அதே வழியாக வெளியே பீறிடும். கேன் எப்படி நனையும்?

இரண்டாவது அந்த மூடி. பூஸ்டில் பிசிவி வால்வ் மூடிக்கொள்ளும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் வாயுவுக்கு அப்போது ப்ரீதர்தான் ஒரே வழி. அதையும் அடைத்தால் டிப்ஸ்டிக்கும், வால்வ் கவர் அடியில் இருக்கும் அரைவட்ட சீலும்தான் இடம் கொடுக்கும். இன்றே மூடியை எடுங்கள். பழைய ஹோஸ்களைத் திரும்ப மாட்டாமல் வண்டியை ஓட்ட வேண்டாம்.

நாலுஜி:
சரியான வழி: வால்வ் கவர் ப்ரீதர், அங்கிருந்து கேன், பிறகு டர்போ இன்லெட். ஃபில்டர் துளையை பிளக் போட்டு இறுக்குங்கள். ஐடிலில் கிராங்க்கேஸுக்குப் புதுக்காற்று இதே ஹோஸ் வழியாகத்தான் வருகிறது, அதனால் இங்கேயும் ஃபில்டர் ஆகாது. பிசிவி ஹோஸ் கம்பெனியில் வந்தபடியே இருக்கட்டும்.

ஹோஸ் உள்விட்டம் ப்ரீதர் முனையை விடக் குறையக் கூடாது. ஹீட்டர் ஹோஸ் எண்ணெயில் ஊறிப் பருத்துவிடும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ஹோஸ் வாங்குங்கள். நடுவில் தொங்கல் விழுந்தால் அங்கேயே எண்ணெய் தேங்கும். கேனுக்குள் தடுப்புத் தகடோ ஸ்டெயின்லெஸ் வலையோ இல்லையென்றால் அது வெறும் டப்பா, எண்ணெய் ஆவி அப்படியே கடந்து போகும். எக்ஸாஸ்ட் பக்கம் வைக்காதீர்கள். சூட்டில் ஆவி குளிர்ந்து படியாது.

பூஸ்ட்பிரியன்:
டிராக்கில் ஓட்டுபவர் என்றால் பிசிவி பக்கமும் தனியாக ஒரு மூடிய கேன் போடலாம். இரண்டு ஹோஸையும் ஒரே கேனில் சேர்த்தால் மட்டும் செக் வால்வ் (ஒரு பக்கம் மட்டும் காற்றை விடுவது) கட்டாயம். இல்லையேல் மேனிஃபோல்ட், த்ராட்டிலைச் சுற்றிக்கொண்டு டர்போ இன்லெட்டிலிருந்து காற்றை இழுக்கும். ஐடில் மறுபடி ஏறும்.

நாலுஜி:
தெருவில் ஓட்ட ஒரு கேன் போதும் என்பதே என் கருத்து. அதற்கு முன் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள், கடகடவென்று சத்தம் வர வேண்டும். வால்வ் கவர் பக்கம் ஊதினால் காற்று போக வேண்டும், மேனிஃபோல்ட் பக்கம் ஊதினால் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனால் புதுசு போடுங்கள், விலை அதிகமில்லை.

பூஸ்ட் கசிவு சோதிக்கும்போது ப்ரீதர் ஹோஸைக் கழற்றி, டர்போ இன்லெட் பக்க முனையை அடைத்துவிடுங்கள். மறந்தால் அந்த அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் போய் மிச்சமிருக்கும் சீலையும் தள்ளிவிடும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். ஐடில் 850 பக்கம் நிற்கிறது, டிப்ஸ்டிக் அசையவில்லை. வால்வ் கவர் ஓரத்தில் மட்டும் இன்னும் லேசான ஈரம். கேன் அடியில் மோர் மாதிரி வெள்ளையாகக் கொஞ்சம் இருக்கிறது, பயப்பட வேண்டுமா?

நாலுஜி:
குறைந்த தூரம் ஓட்டினால் நீராவியும் எண்ணெயும் கலந்து அப்படித்தான் இருக்கும். கூலன்ட் அளவு குறைந்தால் மட்டும் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். அரைவட்ட சீலை எடுத்து, இரு பரப்பையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, சிலிக்கோன் சீலன்ட் மெல்லியதாகத் தடவி, 24 மணி நேரம் விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.