ஜிஆர்இ கோடிட்ட இடங்கள்: சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதா, வாக்கியத்தைப் படிப்பதா?

சிறுசேரிப் பெண்:
வெளிநாட்டு மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கு இன்னும் 7 வாரங்கள்தான். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு அலுவலக பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொல் அட்டைகளைப் புரட்டுகிறேன். 900 சொற்கள் முடிந்துவிட்டன. ஆனாலும் மாதிரித் தேர்வில் கோடிட்ட இடங்களில் பாதிக்கு மேல் தவறு. மூன்று கோடுகள் உள்ள கேள்வியில் இரண்டைச் சரியாக நிரப்பினாலும் மதிப்பெண் கிடையாது என்பது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பட்டியலைத் தொடரவா, விட்டுவிடவா?

பெரம்பூர் வாத்தியார்:
விட்டுவிடுங்கள் அம்மா. எதிர்ச்சொல்லும் ஒப்புமையும் கேட்ட காலத்தில் பட்டியல் கைகொடுத்தது. 2011 ஆகஸ்டில் அந்த இரண்டு வகைக் கேள்விகளையும் எடுத்துவிட்டார்கள். இப்போது எந்தச் சொல்லும் ஒரு வாக்கியத்துக்குள்தான் வருகிறது.

இதைப் பாருங்கள்: 'அறிக்கை திட்டத்தைப் பாராட்டியது, ஆனால் பத்திக்குப் பத்தி ஒரு நிபந்தனை இருந்ததால் அந்தப் பாராட்டு ______.' விடை 'குவாலிஃபைடு'. என் வகுப்பில் இந்தச் சொல் தெரியாதவர் எவருமில்லை. ஆனால் பாதிப் பேர் அதைத் தொடவே மாட்டார்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் குவாலிஃபைடு மருத்துவர், குவாலிஃபைடு பொறியாளர். 'அளந்து சொன்ன, வரம்புக்கு உட்பட்ட' என்ற பொருள் நம் காதில் விழுந்ததே இல்லை. 'சாங்ஷன்' என்ற சொல்லும் அப்படித்தான். வங்கியில் கடன் சாங்ஷன் ஆனால் வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போகிறோம். ஒரு நாட்டின் மீது சாங்ஷன் விதித்தால் அது தண்டனை. அட்டையின் பின்பக்கம் பெரும்பாலும் ஒரு பொருளோடு நின்றுவிடுகிறது.

முதலில் விடைகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். 'ஆனால்', 'எனினும்', 'ஆகவே', அரைப்புள்ளி, இவற்றில் எது வாக்கியத்தைத் திருப்புகிறது என்று தேடுங்கள். கோட்டில் என்ன வர வேண்டும் என்பதைத் தமிழிலேயே எழுதிவிட்டுக் கையை எடுங்கள்.

வியாசர்பாடி வாசகன்:
வாத்தியார் ஐயா, இது சிறு வயதிலிருந்தே ஆங்கில நாளிதழ் வந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான அறிவுரை. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். வாக்கியத்தின் போக்கு எனக்கும் புரிந்தது. 'சுருக்கமாகப் பேசுபவர்' என்று தமிழில் எழுதியும் வைத்தேன். கையை எடுத்தால் ஐந்து அந்நியர்கள் நிற்கிறார்கள். அவர்களில் 'லகானிக்' என்பவர்தான் நான் தேடும் ஆள் என்று யார் வந்து சொல்வார்?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து 1,100 சொற்களை எழுதி எழுதிக் கற்றேன். அதன் பிறகுதான் ஆங்கிலக் கட்டுரைகளையே அகராதி இல்லாமல் படிக்க முடிந்தது. திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனப்பாடம் செய்த பிறகுதானே நம் முன்னோர் காப்பியத்துக்குள் போனார்கள்? மனப்பாடத்தைத் தாழ்வாகப் பேசினால் எனக்கு வலிக்கிறது.

பெரம்பூர் வாத்தியார்:
நீங்கள் சொல்வது உறைக்கிறது தம்பி. 'விட்டுவிடுங்கள்' என்றது என் அவசரம். ஆனால் நிகண்டு படித்தவர்கள் காப்பியத்துக்குள் போனார்கள் என்று நீங்களேதான் சொல்கிறீர்கள். இங்கே பலர் நிகண்டோடு நேராகத் தேர்வுக்குப் போகிறார்கள். ஆறு விடைகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைக் கண்டதும் பட்டியல் படித்த கை அவற்றைக் குறித்துவிடுகிறது. பல நேரங்களில் அந்த ஜோடி வாக்கியத்தோடு ஒட்டாது. பொறியே அதுதான். மொழிப் பகுதிக்கு மொத்தம் 27 கேள்விகள், 41 நிமிடங்கள்; பொறியில் விழுந்துவிட்டு எழுந்துவர நேரம் இல்லை.

வியாசர்பாடி வாசகன்:
அது பொறி என்று தெரிவதற்கும் அந்தச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் ஐயா.

சிறுசேரிப் பெண்:
நேற்று இரவு, தவறாகப் போன 20 கேள்விகளைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தேன். 7 கேள்விகளில் சொல்லே தெரியவில்லை. அங்கே வியாசர்பாடி அண்ணா சொல்வது சரி. மீதி 13-இல் எல்லாச் சொல்லும் தெரிந்தவை. ஒன்றில் 'அரெஸ்ட்' இருந்தது. கைது என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். நோய் பரவாமல் தடுத்து நிறுத்துவது என்ற பொருளில் அதுதான் விடை. பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. இனிப் புதிய அட்டைகள் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பழைய அட்டை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு முழு வாக்கியம் எழுதப் போகிறேன்.

பெரம்பூர் வாத்தியார்:
வாக்கியத்தை நீங்களே உருவாக்க வேண்டாம் அம்மா. நாளிதழ்த் தலையங்கத்திலிருந்து எடுத்து எழுதுங்கள்.

வியாசர்பாடி வாசகன்:
புதிய அட்டைகளை நிறுத்த வேண்டாம் சகோதரி. வாக்கியத்தோடு எழுதினால் நாளுக்கு 40 முடியாது, 10 முடியும். அந்த 10-ஐயாவது விடாதீர்கள். 7 கேள்விகள் சும்மா போகின்றனவே!