வலை ஈயத்தில் ஒரு 1803

இராமநாதபுரம் கடற்கரையில் நாணயம் தேடித் திரிகிறவர்கள் கைக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது, படுத்திருக்கும் காளைக்குக் கீழே 'சேது' என்று தமிழில் பொறித்த யாழ்ப்பாண மன்னர் காசும், டச்சுக் கம்பெனியின் துட்டும்தான். காசில் உருவத்தைப் பதிக்கும் எஃகு அச்சான அச்சுரு சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, நாணயச்சாலைக்காரர்கள் ஈயத்திலோ வெள்ளீயத்திலோ ஒரு பக்கம் மட்டும் அடித்துப் பார்க்கும் சோதனைத் துண்டு எதையும் இந்த மணலில் நான் எதிர்பார்த்ததே இல்லை. அதனால்தான், சில ஆண்டுகளுக்கு முன் வேதாளைக் கடற்கரையில் பழைய வலை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரின் காலடியில் அப்படியொன்று கிடந்தபோது, பதற்றத்தில் பேரம் பேசவும் மறந்துபோனேன்.

அது சாம்பல் பூத்த ஈய வட்டு. ஓரத்தில் கயிறு கோக்க ஒரு துளை. ஒரு பக்கம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. மறுபக்கத்தில், கொடி பிடித்த இரண்டு சிங்கங்களுக்கு நடுவே கேடயமும், அடியில் 1803 என்ற ஆண்டும் தெரிந்தன. சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் அடிக்கச் செய்த பத்துக் காசின் முகம் அது. (அக்காசின் பின்புறம், 'பத்துக் காசு இரண்டு ஃபலூஸ்' என்று பாரசீகத்தில் எழுதி, அதனடியில் ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்று பொறித்திருப்பார்கள், நம் 'காசு' சீமைக்குப் போய்த் திரும்பிய வேடம்.) அந்த நாணயச்சாலையின் மாதிரி நாணயங்களில், அதாவது புழக்கத்துக்கல்லாமல் பார்வைக்கென்று அடித்தவற்றில், மூலமும் உண்டு, பிற்கால மறு அச்சும் உண்டு. 1850இல் அதன் தளவாடங்கள் விற்கப்பட்டபோது பழைய அச்சுருக்களை வாங்கிய டபிள்யூ. ஜே. டெய்லர் என்பவர், சேகரிப்பாளர்களுக்கென்றே அவற்றில் மீண்டும் அடித்துத் தள்ளினார். ஆகவே என் கையிலிருப்பது போல்டன் காலத்ததா டெய்லர் காலத்ததா என்பதை மட்டுமே ஒரு வாரம் யோசித்தேனே தவிர, மூன்றாவதாக ஒரு வழி இருக்கக்கூடும் என்று தோன்றவேயில்லை.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஈயம் மெத்தென்ற உலோகம் என்பதால், எஃகு அச்சுருவால் அடித்தால் எழுத்தின் விளிம்பு கத்தி போல் நிற்க வேண்டும். இதிலோ சிங்கத்தின் பிடரி வெண்ணெய் போல உருகிக் கிடந்தது, எழுத்துகளுக்கிடையே ஊசிமுனை அளவில் காற்றுக் குமிழிகளின் குழிகள் இருந்தன. அளவுகோலில் வைத்தால், என்னிடமிருந்த செப்புக் காசைவிட விட்டமும் சற்றுக் குறைவு. களிமண் காயும்போதும் ஈயம் ஆறும்போதும் சுருங்கும் என்பது அறிந்த செய்திதான். வார்ப்பு என்று அப்போதே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கொடுத்த பணம் மனத்தை விடவில்லை.

மறுவாரம் திரும்பிப் போய், இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பெரியவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள்ளிருந்து ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து, அதிலிருந்து தேய்ந்த செப்புக் காசு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வலப்பக்கச் சிங்கத்தின் கொடியில் ஆழமான ஒரு வெட்டு இருந்தது. என் ஈய வட்டிலும் அதே இடத்தில், அதே சாய்வில் அந்த வெட்டு இருந்தது. அவருடைய வாப்பா காலத்திலிருந்து, ஈரக் களிமண்ணில் இந்தக் காசை அமுக்கி எடுத்து, அந்தப் பள்ளத்தில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றித்தான் வலைக்கு எடை செய்கிறார்களாம். எல்லாத் துண்டும் ஒரே அளவில் வந்துவிடும் என்பதால் இதுவே வசதி என்றார். ஈயத்தை மேலே திறந்தபடி ஊற்றினால் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும்!

பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் அவர் முன்வந்தார். நான் வாங்கவில்லை, அதற்குப் பதிலாக அந்தச் செப்புக் காசையும் விலைக்குக் கேட்டேன். அவர் அதை டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார்.

"அது மாதிரிக் காசு தம்பி. அதைக் கொடுத்துட்டா நான் எதை வச்சு வார்ப்பேன்?"