ஜப்பானுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முதலில் எழுத்தைப் பிடியுங்கள்

ஆங்கில எழுத்தை வைத்தே ஜப்பானிய மொழியைப் படித்துச் சமாளிக்கலாமா என்று புதிதாக வருகிற பலரும் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ஆங்கிலம் இருக்கும். உணவுப் பொட்டலத்தின் பின்பக்கத்திலோ, வீட்டுக்கு வந்து ஆளில்லாமல் திரும்பிய பார்சலின் சீட்டிலோ பெரும்பாலும் இருக்காது. அதனால் ஒலியைக் குறிக்கும் எழுத்துமுறைகளான ஹிரகானாவையும் கத்தகானாவையும் முதலில் முடித்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இதன் வரிசை புதிதல்ல. உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் வரிசையில் ப இருக்கும் இடத்தில் ஹ இருக்கிறது. பழைய ஜப்பானியத்தில் அதுவும் ப ஒலிதான் என்கிறார்கள் மொழியியலாளர்கள். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன சித்தம் எழுத்துமுறையின் ஒழுங்கு இது. குறில், நெடில் கூட உண்டு. 'ஒபஸன்' என்றால் அத்தை, சித்தி. 'ஒபாஸன்' என்று நீட்டினால் பாட்டி!

ஆனால் எழுத்துகளுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிவைக்கும் பழக்கம் வேண்டாம். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கின்' என்றுதான் வரும். முதலாவதில் வல்லோசை, இரண்டாவதில் 'கங்கை'யின் முதல் எழுத்து ஒலி. ஹிரகானாவில் இரண்டு சின்னக் கோடுகள் போட்டு இதைத் தெளிவாகக் காட்டிவிடுகிறார்கள்.

கத்தகானாவில் எல்லோரையும் குழப்புவது ஷி, ட்சு என்ற ஜோடி. பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, கையால் எழுதுங்கள். ஷியின் நீளக் கோடு கீழிருந்து மேலே போகும், ட்சுவின் கோடு மேலிருந்து கீழே இறங்கும். வங்கிக் கணக்கில் உங்கள் பெயர் கத்தகானாவில்தான் பதிவாகும். ர, ற, ல, ள, ழ எல்லாம் அங்கே ஒரே வரிசைக்குள் அடங்கிவிடும். அதனால் எப்படி எழுதுவது என்று ஆரம்பத்திலேயே முடிவுசெய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

அப்புறம் சீனாவிலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் 'காஞ்சி' எழுத்துகள். பொதுப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. பயப்பட வேண்டாம், கண்ணில் படுவதிலிருந்து தொடங்குங்கள்: நுழைவாயில், வெளிவாயில், தள்ளு, இழு, ஆண், பெண். சைவம் சாப்பிடுபவர்கள் முதல் நாளே இறைச்சியைக் குறிக்கும் 'நிகு' எழுத்தையும், மாடு, பன்றி, கோழி எழுத்துகளையும் பழகிக்கொள்ளுங்கள். அது மட்டும் போதாது. காய்கறி சூப்பிலும் சூரை மீன் சாறு இருக்கலாம். அந்த மீனைக் குறிக்கும் 'கட்சுஒ' என்ற சொல்லையும், கத்தகானாவில் 'ஜெராச்சின்' என்று வரும் ஜெலட்டினையும் பொட்டலத்தில் தேடிப் பாருங்கள். சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் ஒட்டும் 'ஹன்ககு' ஸ்டிக்கருக்குப் பாதி விலை என்று பொருள். இதை எல்லோருமே சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

இலக்கணத்துக்கு ஆங்கிலம் வழியாகச் சுற்றி வராதீர்கள். தமிழைப் போலவே வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். கொரே, ஸொரே, அரே என்பதை இது, உது, அது என்று யாழ்ப்பாணத்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஜப்பான் ஃபவுண்டேஷனின் 'இரொதொரி' பாடங்கள் இணையத்தில் இலவசம். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜப்பானில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், என்5 தொடக்க நிலை. பல ஊர்களில் தன்னார்வலர்கள் குறைந்த கட்டணத்தில் வகுப்பு எடுக்கிறார்கள். முகவரி பதியப் போகும்போது அந்த அலுவலகத்திலேயே 'நிஹொங்கொ க்யோஷிட்சு', அதாவது ஜப்பானிய மொழி வகுப்பு, எங்கே என்று கேட்டுவிடுங்கள்.