மறு: மறு: விட்ரிபிகேஷன் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நேச்சர் மெத்தட்ஸ் இதழ் ஆண்டுதோறும் ஓர் ஆய்வு உத்தியைத் தேர்ந்தெடுத்து அறிவிப்பது தெரிந்ததே. அந்தப் பட்டியலை மாணவர் கையேட்டுக்காகத் தமிழாக்குகிறோம். 2010-இன் ஆப்டோஜெனிடிக்ஸ் 'ஒளிமரபியல்' என்று ஒருவழியாக முடிந்தது. இப்போது 2015: ஒற்றைத்துகள் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியல், அதாவது புரதங்களைக் கடுங்குளிரில் ('கிரையோ') வைத்து எலக்ட்ரான் கற்றையால் படமெடுக்கும் முறை. அதில் வரும் விட்ரிபிகேஷனுக்கு (புரதக் கரைசலை நொடியில் குளிர்வித்துத் திடமாக்கும் கட்டம்) வரைவில் 'உறையவைத்தல்' என்றிருக்கிறது. போதுமா? வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது.
– மீ.

> 'உறையவைத்தல்' என்றிருக்கிறது. போதுமா?

போதாது. பனிக்கட்டியாக உறைந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை பாடும்.

3 மி.மீ. அகலச் செப்புவலை, அதன்மேல் துளையிட்ட கார்பன் படலம். 3 மைக்ரோலிட்டர் புரதக் கரைசலை விட்டு வடிதாளால் சில வினாடி ஒற்றினால், துளைகளில் 100 நானோமீட்டருக்கும் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். உடனே வலையைச் சுமார் −180 டிகிரி செல்சியஸ் திரவ ஈத்தேனில் பாய்ச்ச வேண்டும். திரவ நைட்ரஜன் இன்னும் குளிர்ச்சி (−196) என்றாலும் இதற்கு உதவாது. அது கொதிநிலையிலேயே இருப்பதால் வலை பட்டதும் ஆவியாகிப் போர்வைபோல் மூடிக்கொள்ளும். வெப்பம் வேகமாக வெளியேறாது. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி உருண்டோடுமே, அதே சங்கதி. நைட்ரஜனின் வேலை ஈத்தேனைக் குளிர்விப்பதோடு சரி.

ஈத்தேனில் நீர் மூலக்கூறுகளுக்கு வரிசை கட்ட நேரமில்லை. நின்ற இடத்தில் நிற்கும்: கண்ணாடியைப் போல, படிகமில்லாத திடம். தாமதித்தால் பனிப்படிகம் வளரும், புரதம் ஒதுக்கப்பட்டுச் சிதையும், எலக்ட்ரான் கற்றை படிகத்தில் சிதறிப் படமும் கெடும். பிறகும் −135-க்கு மேல் சூடேறினால் எல்லாம் வீண். ஸ்விஸ் விஞ்ஞானி ஜாக் டுபோஷே 1980களில் இதைச் செய்து காட்டியதற்குத்தான் 2017 வேதியியல் நோபலில் ஒரு பங்கு. 'உறையவைத்தல்' என்று அச்சிட்டால் மாணவர் ஃப்ரீசரைத் திறப்பார்.

என் வாக்கு: கண்ணாடியாக்கம்.
– செ.

'உறைதல்' எங்கே படிகத்தைச் சொல்கிறது? பால் உறைகிறது, இரத்தம் உறைகிறது. எந்தப் படிகம் அங்கே? கண்ணாடியாக்கம் என்றால் மணலை உருக்கும் ஆலைதான் கண்ணில் நிற்கும். மாற்றத்தான் வேண்டுமென்றால் 'பளிங்காக்கம்' என்க. குறள் 706-இல் அடுத்ததைக் காட்டுவது பளிங்கு. மணிமேகலையின் பளிக்கறையில் உள்ளிருப்போர் உருவம் வெளியே தெரியும், குரல் வராது. ஒளி ஊடுருவும் திடப்பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பளபள, பளிச்சு, பளிங்கு எல்லாம் ஒரே வேர் என்பது என் கட்சி. பளீர் என்பதையும் சேர்க்கலாம். பழிங்கு என்று எழுதுவோரை இங்கே விட்டுவிடுகிறேன்.
– இரா.

ஐயா, இலங்கைப் பாடநூல்களில் நீங்கள் படிகம் என்பதுதான் பளிங்கு. உப்புப் பளிங்கு, சீனிப் பளிங்கு என்றே எங்கட பிள்ளைகள் படிக்கிறார்கள். பளிங்காக்கம் என்றால் அவர்களுக்கு நேரெதிர்ப் பொருள். எலக்ட்ரான் நுண்ணோக்கியும் இங்கே இலத்திரன் நுணுக்குக்காட்டி. அதை இப்போது கிளறவில்லை.
– யா.

படிகம் ஸ்படிகத்தின் திரிபு. ஈழத்தார் பளிங்கைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சரி, நாம்தான் தவறு.
– இரா.

படிகம் 'படிதல்' என்பதிலிருந்து வந்த தனித்தமிழ்ச் சொல் என்போரும் உண்டு. கரைசலின் அடியில் படிகிறதே.
– ந.

ந., இந்த வாதம் மூன்றாம் முறை வருகிறது. ஒருமுறை கண்ணாடிக்கான பழஞ்சொல் 'ஆடி'யும் வந்தது. ஆடியாக்கம் என்றால் துணிக்கடைத் தள்ளுபடி என்று விட்டுவிட்டோம்.

அடுக்களைக்கு வாருங்கள். சர்க்கரைக் கரைசலில் நூல் கட்டி நாள்கணக்கில் அசையாமல் வைத்தால் கற்கண்டு: அது படிகம். அதே சர்க்கரையை முற்றிய பாகாகக் காய்ச்சிச் சட்டென ஆற்றினால் 'டக்'கென உடையும் பாகுமிட்டாய்: அது கண்ணாடி நிலை. காய்ச்சும்போது கிளறினாலோ ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்தாலோ பாகு படிகமாகிப் பூத்துவிடும். வலையில் பனி பூப்பதும் அதே கோளாறு. ஆகவே 'பாகுறைவு'.
– க.

அழகு. ஆனால் கருமுட்டை விட்ரிபிகேஷனில் உண்மையிலேயே பாகுபோல் அடர்ந்த காப்புக்கரைசல் சேர்க்கிறார்கள். நுண்ணோக்கி வலையில் பொதுவாக அது கிடையாது. 'பாகு' என்றால் இங்கேயும் எதையோ கலக்கச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். உறைதலுக்கு இரா. தந்த சான்றையும் தள்ள முடியவில்லை. இரண்டையும் சேர்த்துக் 'கண்ணாடியுறைவு' என்போம். மருத்துவமனைகளில் 'கருமுட்டை உறையவைத்தல்' என்று கேட்டவருக்கும் பிடிபடும்.
– செ.

கண்ணாடியுறைவு என்றால் மூக்குக்கண்ணாடிக்குப் போடும் உறை.
– இரா.

கண்ணாடியுறைவு நான்கு பேர், பாகுறைவு ஒருவர், பளிங்காக்கம் ஒருவர். முதலிடத்தில் 'கண்ணாடியுறைவு (விட்ரிபிகேஷன்)', பிறகு தமிழ்ச்சொல் மட்டும். க.வின் கற்கண்டை அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டேன். யா., 'படிகம்' வருமிடத்தில் அடைப்புக்குள் 'பளிங்கு' போடுகிறேன்.
– மீ.

எதிர்வாக்கைப் பதிந்துகொள்க. 'கிரையோ' இன்னும் அப்படியே நிற்கிறதே, அதை யார் பார்ப்பது? 'தண்' இருக்கிறது.
– இரா.