சென்னை – தனுஷ்கோடி கடலோரப் பயணம்: கடைசி வரை போவதா, வேதாரண்யத்தோடு திரும்புவதா?

பயணப்பை:
மே மாதப் பள்ளி விடுமுறையில் நான்கு நாள் கிடைத்திருக்கிறது. நான், மனைவி, 10 வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா. சொந்தக் கார். கடற்கரையை ஒட்டியே தனுஷ்கோடி வரை போக ஆசை. கடல் பார்க்க வேண்டும், ஊருக்கு ஊர் நல்ல சாப்பாடு வேண்டும், மகளுக்குச் சொல்ல நாலு கதை வேண்டும். முதல் நாள் மாமல்லபுரம், புதுச்சேரி. இரண்டாம் நாள் தரங்கம்பாடி, வேளாங்கண்ணி. மூன்றாம் நாள் தனுஷ்கோடி. நான்காம் நாள் திரும்புவது. சரியாக வருமா?

நாகூர்ப் பேரன்:
தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் நண்பரே, இந்தத் திட்டத்தில் அம்மா காரைவிட்டு இறங்கவே நேரம் இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து சென்னை 550 கிலோமீட்டருக்கு மேல். கடைசி நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போய்விடும்.

ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) என்றால் கடல் கூடவே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கால்வாசி தூரம் சவுக்குத் தோப்பும் மதில் சுவரும்தான் வரும். முட்டுக்காட்டில் கழிமுகம், மரக்காணத்தில் உப்பளம், அவ்வளவுதான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியைவிட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். எங்கே இறங்கலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மாமல்லபுரம், புதுச்சேரியை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். விடிகாலையில் கிளம்பி நேரே தரங்கம்பாடி வாருங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறது. ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க் 1706-ல் வந்து இறங்கியதும், பிறகு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் அந்த ஊரில்தான். பக்கத்திலேயே கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில். எல்லாம் கிட்டக்கிட்ட இருப்பதால் அம்மாவுக்கும் சிரமம் இல்லை.

இரண்டாம் நாள் மாலை நாகூர். தர்காவின் 131 அடி உயர மனாரா என்னும் கோபுரத்தைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அதை அண்ணாந்து பார்த்துவிட்டு இறால் வாடா சாப்பிடுங்கள். அரிசி மாவை வட்டமாகத் தட்டி, வெங்காயமும் இறாலும் வதக்கிய உள்ளடத்தை நடுவில் வைத்து மூடி, மேலே ஒரு முழு இறாலை அழுத்தி எண்ணெயில் போடுவார்கள். ஓரம் மொறுமொறுவென்று சிவந்து வரும், நடு மெத்தென்று இருக்கும். சட்டியிலிருந்து எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டிக்கொண்டு போனால் அது வேறு பண்டம். மூன்றாம் நாள் வேதாரண்யம், கோடியக்கரை. அத்தோடு திரும்பிவிடுங்கள்.

பாம்பன் காற்று:
அண்ணே, நாகூரைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடல் பார்க்க வேண்டும் என்று கேட்டவரைப் பாதியில் திருப்பி அனுப்புவது நியாயமே இல்லை. தொண்டியில் ஆரம்பித்துத் தேவிபட்டினம் வரை பாக் நீரிணைக் கரையோரமாகவே வந்து பாருங்கள், குளம் போல அலையில்லாத கடல். அப்புறம் பாம்பன் பாலம். 1988-ல் திறந்த சாலைப் பாலத்தில் போகும்போதே ஒரு பக்கம், 1914-ன் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025-ல் திறந்த புதிய தூக்குப் பாலம் தெரியும். கடைசியில் அரிச்சல்முனை. இடப்பக்கம் அடங்கிக் கிடப்பதைப் பெண்கடல் என்போம், வலப்பக்கம் ஆர்ப்பரிப்பதை ஆண்கடல் என்போம். மே மாதத்தில் அந்த வித்தியாசத்தை உங்கள் மகள் கண்ணாலேயே பார்க்கலாம்.

சாப்பாடு என்று பார்த்தால், கீழக்கரை தொதலுக்கு ஈடு எங்கே இருக்கிறது? தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் கை வலிக்கக் கிண்டி எடுப்பது. கடல் கடந்து போய்வந்த மரக்காயர்கள் வழியாக வந்த பண்டம். மலாய்க்காரர்கள் இதையே தோடோல் என்கிறார்கள்.

இன்னொன்று. மே மாதம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நீங்கள் சொல்லும் இறாலுக்கு பயணப்பை எங்கே போவார்?

நாகூர்ப் பேரன்:
தம்பி, நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. வாடாவுக்கு வேண்டியதும் சின்ன இறால்தான், கரையோரத்தில் கிடைப்பதே போதும். பயணப்பை அவர்களே, இது எந்த ஊருக்கும் பொருந்தும்: தடைக்காலத்தில் வஞ்சிரம் கேட்டால் ஐஸில் கிடந்ததைத்தான் வறுத்துத் தருவார்கள். இன்றைக்குக் கரைக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். மத்தி வந்திருந்தால் மத்தி, நண்டு வந்திருந்தால் நண்டு.

தொதல் நல்ல பண்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக முழங்கால் வலியோடு ஒரு வயதான அம்மா மே வெயிலில் ஒதுங்க நிழலில்லாத மணல் திட்டுக்குப் போக வேண்டுமா?

வேதை மல்லி:
இருவரும் எங்கள் ஊரை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். சாப்பாடும் வரலாறும் ஒன்றாக வேண்டும் என்பவர் வர வேண்டிய இடமே வேதாரண்யம்தான்.

1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்து வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டாலும் படுக்க இடம் கொடுத்தாலும் சிறை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலமாகக் கட்டி வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் போட்டது என்று போலீஸ் யாரைப் பிடிக்கும்? ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் வந்து, 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளினார்கள். அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. உங்கள் மகளுக்கு ஒரே ஒரு கதைதான் சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்லுங்கள்.

மே மாதம் உப்பளத்தில் வேலை மும்முரமாக நடக்கும். காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் குவித்திருப்பார்கள், காலுக்குக் கீழே நறநறவென்று இருக்கும். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளையில் கண்ணைத் திறக்க முடியாது. அதிலேயே நாள் முழுக்க நிற்பவர்களைப் பார்த்தபின் மகள் சோற்றில் உப்பு போடும்போது நினைத்துக்கொள்வாள்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கோடியக்கரையில் பூநாரைகள் குளிர்காலத்தில்தான் கூட்டமாக வரும், மே மாதத்தில் அதை எதிர்பார்த்து வர வேண்டாம். வெளிமான்களைப் பார்க்கலாம்.

பாம்பன் காற்று:
மரத்தில் சோற்றுப் பொட்டலம் கட்டிய கதை எனக்குத் தெரியாது மல்லி அக்கா. படிக்கும்போது உடம்பு சிலிர்த்தது.

ஆனால் நாகூர் அண்ணன் மணல் திட்டு என்று சொன்னதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் தாத்தா அங்கே கருவாட்டு வியாபாரம் செய்தவர். சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னார் போன காலம் அது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பயணிகளோடு ரயிலே போய்விட்டது, ஊரும் போய்விட்டது. இடிந்த தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சுவரும் மிச்சம். 2017-ல் சாலை வந்த பிறகு செல்ஃபி எடுக்க மட்டும் வருகிறார்கள். அது ஊராக இருந்தது என்று சொல்லி ஒரு குழந்தையை அழைத்து வருபவரை நான் தடுக்கச் சொல்ல மாட்டேன்.

நாகூர்ப் பேரன்:
தம்பி, அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது. எங்கள் கரையை ஒருவர் வெறும் மணல் என்றால் எனக்கும் வலிக்கும். நான்கு நாளில் வேண்டாம் என்பதில் மட்டும் மாற்றமில்லை. அந்த இடத்துக்கு அரை மணி நேரம் கொடுத்துவிட்டு ஓடுவது அந்த ஊருக்கும் மரியாதை இல்லை.

பாம்பன் காற்று:
அப்படியானால் ஐந்து நாள் எடுக்கச் சொல்லுங்கள், திரும்பச் சொல்லாதீர்கள். வேதாரண்யத்திலிருந்து வரும் வழியில் சரபேந்திரராஜன்பட்டினத்தில் மனோரா இருக்கிறது. நெப்போலியன் தோற்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி கட்டியது. உங்கள் ஊர் மனாராவும் இதுவும் ஒரே வார்த்தை, கட்டியதும் ஒரே வம்சம். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே தெற்கே வரலாம்.

பயணப்பை:
வீட்டில் எல்லோரும் சேர்ந்து படித்தோம். அலுவலகத்தில் ஐந்தாவது நாள் கிடைக்காது, கேட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் இம்முறை தரங்கம்பாடி, நாகூர், வேதாரண்யம். தனுஷ்கோடிக்கு ஜனவரியில் ரயிலில் தனியாக வருகிறோம் பாம்பன் தம்பி, தாத்தா வியாபாரம் செய்த இடம் எந்தப் பக்கம் என்று அப்போது சொல்லுங்கள்.

மல்லி அவர்களுக்கு ஒரு கேள்வி. உப்பளத்துக்குக் காலை ஆறு மணிக்குப் போக வேண்டுமென்றால் முந்தின இரவு வேதாரண்யத்திலேயே தங்குவது நல்லதா? அம்மாவுக்கு மாடிப்படி இல்லாத அறை வேண்டும்.

வேதை மல்லி:
வேதாரண்யத்திலேயே தங்குங்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சின்ன விடுதிகள் உண்டு, போனில் பேசும்போதே கீழ்த்தள அறை வேண்டுமென்று சொல்லிவிடுங்கள். உப்பளத்துக்குக் கிளம்பும்போது மகளுக்கு ஒரு தொப்பியும், எல்லோருக்கும் தேய்ந்த செருப்பும் போதும். நல்ல செருப்பை உப்புத் தண்ணீர் தின்றுவிடும்.